தண்டனையில் ஆண், பெண் பேதம்

ஒரே குற்றத்தை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது ஒன்று. இருவருடைய பங்கும் ஒன்று. இருவர் மீதும் முன் குற்றம் எதுவும் இல்லை. நியாயாதிபதி இருவருக்கும் ஒரே தண்டனை விதிக்க வேண்டுமா? அல்லது பெண், பெண்ணாகப் பிறந்திருக்கின்றாள் என்பது பற்றி அவளுக்குக் குறைத்து விதிக்கலாமா? இக்கேள்வி சட்டப் புலவர்களுக்கே உரியது என்று கருதி நம்மவர்கள் ஒதுங்கிவிடுகின்றனர். ஒரு பக்கம் ரப்பரும் செம்பனையும், மறு பக்கம் தொழிற்சாலைகளுமாக அமைந்த இக் கூலாய் வட்டாரத்தில் வாழும் நமக்கு அது தூரத்து விஷயமன்று. போதைப் பொருள் வழக்கும் அடிதடி வழக்கும் லயத்து வீட்டையும் அறியும். தாமான் வீட்டையும் அறியும். குடும்பத்தில் ஒருவர் கோர்ட்டுப் படியேறினால், மற்ற அனைவருமே தண்டனையில் பங்கு பெறுகின்றனர். ஆகவே இதை நாமே யோசித்து ஒரு முடிவுக்கு வருவது கடமையாகும்.

முதலில் நம் நாட்டுச் சட்டம் என்ன கூறுகின்றது என்பதைப் பார்ப்போம். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 289-ஆவது பிரிவு, பெண்களுக்குப் பிரம்படித் தண்டனை விதிக்கலாகாது என்று தடுக்கின்றது. ஐம்பது வயதைக் கடந்த ஆடவர்க்கும், பாலியற் குற்றங்கள் நீங்கலாக, அவ்விலக்கு உண்டு. மற்ற ஆடவர்க்கு இருபத்து நான்கு அடி வரையில் விதிக்கலாம். இது பொதுக் குற்றவியற் சட்டத்தின் நிலை. ஷரியா நீதிமன்றங்களின் சட்டம் வேறு. 2018-ல் திரெங்கானுவில் இரண்டு பெண்கள் பிரம்படி பெற்றது அந்தச் சட்டத்தின்படியாகும். பொதுச் சட்டத்திலோ, புருஷனும் மனைவியும் ஒரே பொட்டலத்துக்காக ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றாலும், ரோத்தான் புருஷன் முதுகுக்குக் கீழேதான் விழும். மனைவிக்குச் சிறை மட்டுமே. இன்னும், கர்ப்பவதியான பெண்ணைத் தூக்கிலிட விதிக்கக் கூடாது. அவளுக்குச் சிறைத் தண்டனையே விதிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 275-ஆவது பிரிவு கூறுகின்றது. பிரசவத்தின் விளைவால் மனம் நிலைகுலைந்த தாய், தான் பெற்ற சிசுவைக் கொன்றால், அதைக் கொலை என்னாமல் சிசுக்கொலை என்னும் குறைந்த குற்றமாகக் கொள்கின்றது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 309ஏ பிரிவு.

இவற்றைக் கேட்டவுடன் இரண்டு கட்சிகள் எழுகின்றன. ஒரு கட்சியார், "பெண்ணுக்கும் ஆணுக்கும் சம உரிமை கேட்கின்றீர்களே, அப்படியானால் சம அடியும் வாங்கிக் கொள்ள வேண்டியதுதானே!" என்று ஏளனம் பேசுவர். மற்றொரு கட்சியார், "பாவம், பெண் ஜென்மம், அவளுக்கு என்ன தெரியும்? போகட்டும், விட்டுவிடுங்கள்" என்று இரக்கம் காட்டுவர். முதற் கட்சி பெண்ணுக்கு விரோதமானது என்பது வெளிப்படை. இரண்டாவது கட்சியும் பெண்ணுக்கு விரோதமானதே என்பதுதான் அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. இவ்விரண்டு கட்சிக்கும் அப்பால் ஒரு நியாயம் இருக்கின்றது. அதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் பெண்ணிடம் எப்போதுமே இளகிய மனத்தோடு நடந்து வந்திருக்கின்றது என்று சிலர் எண்ணுகின்றனர். சரித்திரம் அப்படிக் கூறவில்லை. இங்கிலாந்து தேசத்தில், மனைவியைக் கொன்ற புருஷன் சாதாரணக் கொலைகாரனாகக் கருதப்பட்டுத் தூக்கிலிடப்பட்டான். புருஷனைக் கொன்ற மனைவியோ, அரசனுக்குத் துரோகம் செய்த குடிக்கு ஒப்பாகக் கருதப்பட்டாள். வீட்டுக்குப் புருஷன் அரசன் அல்லவா? அதனால் அவளுக்கு எரித்துக் கொல்லும் தண்டனை விதித்தனர். எரிக்கும் தண்டனையை 1790-ல்தான் ஒழித்தார்கள். அக்குற்றத்தின் தனிப் பெயரை 1828-ல்தான் நீக்கினார்கள். நம் நாட்டு மனுதர்மமோ, குற்றம் ஒன்றாயிருக்கச் செய்தவன் எந்த வருணத்தான் என்று பார்த்துத் தண்டனையைக் கூட்டியும் குறைத்தும் வகுத்தது. ஆள் பார்த்து அடி கொடுப்பது இப்படி இரு கண்டங்களிலும் வேரூன்றியிருந்தது. சாதி பார்த்துத் தண்டிப்பது அநீதி என்று நாம் ஒப்புக்கொள்வோமானால், பால் பார்த்துத் தண்டிப்பதற்கு மட்டும் தனியான ஒரு காரணம் காட்ட வேண்டிய பொறுப்பு நமக்கு வருகின்றது.

இது நிற்க. பெண்ணைத் தண்டியாமல் விடும் சட்டம் ஒன்றை எடுத்துக் கொண்டு, அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்று பார்ப்போம். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு, பிறன் மனைவியோடு கூடிய ஆணுக்குச் சிறை என்றது. அந்தப் பெண்ணை உடந்தை என்றுகூடத் தண்டிக்கலாகாது என்றது. வெளிப் பார்வைக்கு இது பெண்ணுக்குச் செய்த சலுகை. ஆனால் அப் பிரிவில் மற்றொரு வாசகம் இருந்தது: புருஷனுடைய சம்மதம் இருந்தால் அது குற்றமே ஆகாது! பெண்ணின் சம்மதத்தைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை. உடைமைக்காரனுடைய சம்மதம் இருந்தால் போதும். ஒருவன் தோட்டத்து மாட்டை மற்றொருவன் ஓட்டிச் சென்றால் ஓட்டியவனைத்தான் தண்டிப்பார்கள், மாட்டைத் தண்டிப்பதில்லை. பெண்ணுக்குக் கிடைத்த மன்னிப்பு அந்த மாட்டுக்குக் கிடைத்த மன்னிப்பே அன்றி வேறில்லை. 1954-ல் இந்திய உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லுபடியாகும் என்று ஏற்றது. 2018 செப்டம்பர் 27-ல் அதே நீதிமன்றம் அதனைச் செல்லாது என்று தள்ளியது.

இந்தச் சட்டத்தின் உடன்பிறப்பு நம் நாட்டிலும் வெகு காலம் வாழ்ந்தது. இந்தியச் சட்டத்தைப் பார்த்து நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871-ல் தண்டனைச் சட்டம் இயற்றினார்கள். அந்த வழியாக வந்த 498-ஆவது பிரிவு, பிறன் மனைவியை ஆசை காட்டி அழைத்துச் செல்வதையோ மறைத்து வைப்பதையோ குற்றமாக்கியது. தோட்டத்தில் மனைவி புருஷனை விட்டு நீங்கினால், அவள் ஏன் நீங்கினாள், அடியா, பட்டினியா, குடியா என்று சட்டம் கேட்கவில்லை. எவன் கொண்டு போனான் என்றுதான் கேட்டது. புருஷன் புகார் செய்யலாம். தன் புருஷனை மற்றொருத்தி அழைத்துச் சென்றாள் என்று மனைவி அப்படிப் புகார் செய்ய இடமில்லை. 2023 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் இப்பிரிவு அரசியலமைப்பின் 8-ஆவது விதிக்கு முரணானது என்று தீர்த்தது. அவ்விதியில், பால் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்ற வார்த்தை 2001-ல் சேர்க்கப்பட்டிருந்தது. அத்தீர்ப்பை வழங்கிய அமர்வுக்குத் தலைமை வகித்தவர், இந்நாட்டின் முதற் பெண் தலைமை நீதிபதி தெங்கு மைமுன் அம்மையார் என்பது குறிப்பிடத் தக்கது.

ஆகவே, பெண்ணைத் தண்டியாமல் விடுவதெல்லாம் பெண்ணை மதிப்பதாகாது. குற்றம் செய்யும் அறிவும் துணிவும் இல்லாதவள் என்று விடப்படுபவள், ஓட்டுரிமைக்கும், சொத்துரிமைக்கும், சங்கத் தலைமைக்கும் வேண்டிய அறிவும் துணிவும் இல்லாதவள் என்று அடுத்த நாளே ஒதுக்கப்படுவாள். "அவளுக்கு என்ன தெரியும்" என்ற வாக்கியம் கோர்ட்டில் அவளைச் சில மாதச் சிறையிலிருந்து காப்பாற்றும். வீட்டில் அவளை ஆயுள் முழுதும் சிறை வைக்கும். 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்த பெரியார் ஈ. வெ. ரா., ஒழுக்கம் என்றால் இருபாலார்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கொள்கையை இடைவிடாது பேசியும் எழுதியும் வந்தவர். பொறுப்பு இல்லாத இடத்தில் உரிமை நிலைக்காது என்பதே அக்கொள்கையின் மறுபக்கம்.

இனி, நீதிமன்றங்களின் நடைமுறையைக் கவனிப்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளைச் சோனியா ஸ்டார் என்ற சட்டப் பேராசிரியை ஆராய்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கைது செய்யப்பட்ட குற்றமும் முன் குற்ற வரலாறும் ஒத்திருந்த இடங்களிலும், ஆண்களுக்குச் சராசரி 63 சதவிகிதம் அதிகச் சிறைக்காலம் விதிக்கப்பட்டதாக அவர் கண்டார். அந்நாட்டுத் தண்டனை ஆணையம் 2023-ல் வேறு முறையில் கணக்கிட்டு, பெண்களின் தண்டனை 29.2 சதவிகிதம் குறைந்திருப்பதாகக் கூறியது. கணக்கு வேறுபட்டாலும் திசை ஒன்றே. காரணம் என்ன? பெண் பெரும்பாலும் பிறரால் இழுக்கப்பட்டுக் கடைசிக் கண்ணியாக நிற்பது ஒரு காரணமாகலாம். மடியில் குழந்தை இருப்பது மற்றொரு காரணமாகலாம். ஆண் நியாயாதிபதியின் வீரத்தனமான இரக்கமும் ஒரு காரணமாகலாம். முதலிரண்டும் நியாயத்தோடு சேர்ந்தவை. மூன்றாவது நியாயத்துக்குப் புறம்பானது. மூன்றும் ஒரே தராசுத் தட்டில் கலந்து கிடப்பதுதான் தொல்லை.

அந்த வீரத்தனமான இரக்கம் எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதுமில்லை. நமது சிலப்பதிகாரத்திலேயே இதற்குச் சான்று இருக்கின்றது. கண்ணகி மதுரையை எரிக்கும்போது தீக்கடவுளிடம், இன்னின்னாரை விட்டுவிடு என்று கூறுகின்றாள். அந்தப் பட்டியலில் முதியோரும் குழந்தைகளும் இருக்கின்றனர். அது மனிதத் தன்மை. பார்ப்பனரும் பசுவும் இருக்கின்றனர்; அதைப் பற்றி நாம் இங்கு விவாதிக்க வேண்டுவதில்லை. பெண்களோ, பத்தினிப் பெண்டிர் என்ற அடைமொழியோடு மட்டுமே இருக்கின்றனர். பத்தினி என்று ஊர் ஒப்பாதவளுக்கு நெருப்பு! அன்று முதல் இன்று வரையில், பெண்ணுக்குக் காட்டும் கருணை ஒரு நற்சான்றுப் பத்திரத்தைக் கேட்டுத்தான் வருகின்றது. அடக்கமாகத் தலை குனிந்து அழுபவளுக்குக் கருணை. நிமிர்ந்து நின்று எதிர்த்துப் பேசுபவளுக்கு இரட்டிப்புக் கோபம். குற்றத்துக்கு ஒரு தண்டனை, பெண்மை இலக்கணத்தை மீறியதற்கு மற்றொரு தண்டனை.

மலாயாவின் பழைய வழக்குகள் இரண்டை எடுத்துப் பார்க்கலாம். 1911 ஏப்ரலில் கோலாலம்பூரில் எதல் பிரௌட்லக் என்ற ஆங்கில மாது, விக்டோரியா பள்ளித் தலைமையாசிரியர் பங்களாவில் வில்லியம் ஸ்டூவர்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். கொலைக் குற்றம் ருசுவாகி மரண தண்டனை விதிக்கப்பட்டது. மனுக்கள் பறந்தன, ஜூலையில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பளித்தார், அம்மாது கப்பலேறிவிட்டார். மற்றொருவர் லீ மெங் என்ற சீனப் பெண். அவசரகாலத்தில் கைக்குண்டு வைத்திருந்ததாக 1952-ல் ஈப்போவில் விசாரிக்கப்பட்டார். முதல் விசாரணையில் ஆசிய மதிப்பீட்டாளர் இருவரும் நிரபராதி என்றனர், நீதிபதி ஏற்கவில்லை. மறுவிசாரணையில் ஐரோப்பிய மதிப்பீட்டாளர் குற்றவாளி என்றும், ஆசிய மதிப்பீட்டாளர் நிரபராதி என்றும் கூற, நீதிபதி முன்னவரோடு சேர்ந்து மரண தண்டனை விதித்தார். பிரிட்டிஷ் பார்லிமெண்டு அங்கத்தினர் சிலர் மனுச் செய்தனர். உலகப் பத்திரிகைகள் எழுதின. 1953 மார்ச்சில் பேரா சுல்தான் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். இருவரும் பெண்கள், இருவரும் தூக்கிலிருந்து தப்பினர். ஆனால் ஒருத்தி விடுதலையாகி ஊர் சென்றாள்; மற்றவள் பல்லாண்டு சிறையிலிருந்தாள். இருவரையும் காத்தது சட்டத்தின் அளவுகோல் அன்று. மனுவில் கையெழுத்திட்டவர்களின் செல்வாக்கு. கையெழுத்திட ஆளில்லாத பெண்ணுக்கு இக்கருணை எந்த வழியாக வரும் என்று கேட்கின்றோம்.

நம் தமிழ் மக்கள் நன்கறிந்த ஒரு வழக்கில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில், 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் பத்தொன்பது பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுள் தண்டனையும், நளினி, அவர் கணவர் முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்கு மரண தண்டனையும் என்று முடித்தது. நளினி விஷயத்தில் மட்டும் மூன்று நீதிபதிகள் ஒருமனப்படவில்லை. நீதிபதி கே. டி. தாமஸ், அவருக்கு ஆயுள் தண்டனையே போதும் என்றார். நளினி சதியின் தலைவியல்லர், பிறரால் இழுக்கப்பட்டுப் பின்தொடர்ந்தவர் என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. சிறையிலே பிறந்த சிறு பெண் குழந்தை ஒன்று இருக்கின்றது; தந்தைக்கும் தூக்கு, தாய்க்கும் தூக்கு என்றால் அக்குழந்தை அனாதையாகும் என்பது மற்றொன்று. நீதிபதிகள் வாத்வாவும் காத்ரியும் இதை ஏற்கவில்லை. பெண்ணாயிருப்பதும், காவலில் இருக்கும்போது குழந்தை பெற்றதும் தண்டனையைக் குறைக்கக் காரணமாகா என்பது அவர்கள் கருத்து. பெரும்பான்மையே வென்றது. பிறகு 2000 ஏப்ரலில், திருமதி சோனியா காந்தியின் வேண்டுகோளும் இருந்த நிலையில், தமிழ்நாட்டு மந்திரிசபையின் யோசனைப்படி ஆளுநர் நளினியின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். மற்ற மூவரும் தூக்குக் கயிற்றின் நிழலிலேயே 2014 பிப்ரவரி வரை இருந்தனர். கருணை மனுவை முடிக்காமல் வருஷக்கணக்கில் தாமதித்ததற்காக உச்ச நீதிமன்றம் அப்போதுதான் அவர்களுடைய தண்டனையைக் குறைத்தது. 2022 நவம்பரில் நளினி விடுதலையானார். ஏறத்தாழ முப்பத்தொரு ஆண்டுகள்!

இவ்வழக்கின் அரசியலை விட்டுவிட்டுத் தண்டனைத் தத்துவத்தை மட்டும் எடுத்துக் கொள்வோம். அந்தக் கொலையில் இறந்தவர்களுக்கும் குழந்தைகள் இருந்தனர் என்பதையும் மறவாமலே இதைப் பேசுவோம். நீதிபதிகளில் யார் கூறியது சரி? பெண் என்பது மட்டுமே காரணமாகாது என்று பெரும்பான்மையோர் கூறியது சரியே. ஆனால் தாமஸ் அவர்கள் காட்டிய காரணங்களைப் பிரித்துப் பார்த்தால், அவற்றில் ஒன்றேனும் 'பெண்' என்பதைச் சார்ந்து நிற்கவில்லை. பின்தொடர்ந்தவர் தலைவரைவிடக் குறைந்த தண்டனைக்கு உரியவர் என்பது ஆணுக்கும் பொருந்தும். குழந்தைக்கு எஞ்சியிருக்கும் ஒரே பெற்றோரைக் கொல்லலாகாது என்பதும் ஆணுக்குப் பொருந்தும். இந்த நியாயங்கள் பெண்ணின் பெயரால் பேசப்பட்டதனாலேயே, 'பெண் என்றால் என்ன?' என்ற ஒரே சொல்லால் தள்ளுண்டன. நியாயத்துக்குப் பெண் வேஷம் போட்டதனால் நியாயம் தோற்றது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது பத்தொன்பது. இரண்டு பாட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதிருந்த முக்கியமான குற்றச்சாட்டு. அவை எதற்கு என்று தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-ல் வெளியில் ஒப்புக்கொண்டார். பின்தொடர்ந்த சிறியவர் என்ற வாதம் இவருக்கன்றோ முதலில் பொருந்தியிருக்க வேண்டும்? இவர் ஆண், இவர் மடியில் குழந்தையில்லை. இவருக்காக அலைந்தவர் இவருடைய தாய் அற்புதம் அம்மாள். 2022 மே 18-ல் அவர் விடுதலையாகும் வரையில் முப்பத்தொரு ஆண்டு அந்தத் தாய் கோர்ட்டுக்கும் கோட்டைக்கும் நடந்தார். மகனுக்கு விதித்த தண்டனையைத் தாய் அனுபவித்தார். ஆணைத் தண்டித்தால் பெண் தப்பிவிடுகின்றாள் என்று எண்ணுபவர்கள் இந்த அம்மையாரின் வரலாற்றை யோசிப்பார்களாக.

சட்டத்தின் அளவுகோலே ஆண் உடம்புக்கும் ஆண் கோபத்துக்கும் தைக்கப்பட்ட சட்டையாக இருப்பதும் உண்டு. திடீரென மூண்ட கடுஞ்சினத்தால் ஒருவன் கொன்றால் அது கொலைக் குற்றத்திலிருந்து குறையும் என்று நம் தண்டனைச் சட்டத்தின் 300-ஆவது பிரிவு விலக்கு அளிக்கின்றது. கைவலிமை உள்ளவனுக்குத் திடீர்க் கோபம் உதவும். பத்தாண்டு அடிபட்டு, எதிர்த்தடிக்க வலிமையின்றி, அவன் உறங்கும்வரை காத்திருந்தவளுக்கு? இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண், பல்லாண்டுக் கொடுமைக்குப் பின், 1989-ல் உறங்கிய கணவன் மீது தீ வைத்தார், அவன் இறந்தான். அவர் சினம் திடீரென மூண்டதன்று என்று கொலைக் குற்றம் சாட்டி ஆயுள் தண்டனை விதித்தனர். 1992-ல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது; அவர் விடுதலையானார். 2009-ல் அந்நாடு சட்டத்தைத் திருத்தி, சினம் 'திடீரென' மூண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. ஒரே சட்டத்தை இருவருக்கும் ஒரே மாதிரி பிரயோகிப்பது மட்டும் சமத்துவமாகிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இனி, நம் நாட்டின் மரண தண்டனையைப் பற்றிச் சில வார்த்தைகள். 2019 பிப்ரவரியில் மலேசியச் சிறைகளில் மரண தண்டனை பெற்றிருந்தவர் 1,281 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை வெளியிட்டது. அவர்களில் 73 சதவிகிதத்தினர் போதைப் பொருள் கடத்தல் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள். பெண்களை மட்டும் எடுத்தால் அது 95 சதவிகிதம்! ஆண்களிடையே கொலைகாரனும் உண்டு, கடத்தல்காரனும் உண்டு. பெண்களோ, ஏறக்குறைய எல்லோருமே பொட்டலத்தோடு பிடிபட்டவர்கள். அன்றைய சட்டத்தில் பெரும்பாலான இவ்வழக்குகளில் நீதிபதிக்கு வேறு வழியே இருக்கவில்லை. அனுப்பியவன் யார், வறுமை எவ்வளவு, ஏமாற்றம் எவ்வளவு என்று அவர் தண்டனைக்காக எடை போட இயலாது. கண்ணை மூடிய இந்தச் சமத்துவம் ஆணையும் பெண்ணையும் ஒரே கயிற்றில் ஏற்றியது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. இப்போது நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். அல்லது முப்பது முதல் நாற்பது ஆண்டு வரை சிறை விதிக்கலாம். கயிற்றிலிருந்து தப்பிய ஆணுக்குப் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியும் சேரும், பெண்ணுக்குச் சேராது.

இங்கே முதற் கட்சியாரின் ஏளனத்துக்கு விடை கூறுவோம். பெண்ணையும் அடித்தால் சமத்துவம் வந்துவிடும் என்கின்றனர். வரும், இருவர் வீட்டிலும் தீ வைத்தால் இருவரும் சமமாவது போல. பிரம்படியிலிருந்து பெண் விலக்குப் பெற்றிருப்பது அவள் உடம்பு பூவினும் மெல்லியது என்பதனால் என்றால், அது பொய்க் காரணம். காலை இருள் பிரியுமுன் பால்மரக் காட்டில் ஏறி இறங்கிய பெண்ணின் உடம்பும், செம்பனைக் காட்டில் உரமூட்டை சுமந்த பெண்ணின் உடம்பும் எவ்வளவு வலிமையானவை என்பதை நாம் அறிவோம். மனித உடம்பைக் கட்டி வைத்துத் தோலுரிய அடிப்பது மனிதத் தன்மைக்கு அடுத்ததன்று என்பதே மெய்க் காரணம். அக்காரணம் ஆண் உடம்புக்கும் உண்டு. இங்கிலாந்து 1820-ல் பெண்களுக்குச் சவுக்கடியை ஒழித்தது; 1948-ல் ஆண்களுக்கும் நீதிமன்றம் அடி விதிப்பதை ஒழித்தது. இந்தியா 1955-ல் ஒழித்தது. பெண்ணுக்கு முதலில் கிடைத்த விலக்கு, அங்கே, ஆணுக்கும் திறந்த வாயிலாயிற்று. நம் நாட்டில் அந்த வாயில் பாதியிலே நிற்கின்றது. அதை மூடுவதன்று, முழுதும் திறப்பதே நியாயம்.

அடுத்து, குழந்தையைப் பற்றிய நியாயம். தென்னாப்பிரிக்காவில் 1994-ல் ஜனாதிபதி நெல்சன் மண்டேலா, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையையுடைய சிறைத் தாய்மார்களில் கொடிய குற்றம் செய்யாதவர்களுக்கு மன்னிப்பளித்தார். தாயில்லாத தன் குழந்தைக்குத் தானே எல்லாம் என்று கூறிய ஹியூகோ என்ற சிறைவாசி, தந்தையாகிய எனக்கு ஏன் இல்லை என்று வழக்காடினான். 1997-ல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் பெரும்பான்மையோர், குழந்தை வளர்ப்புப் பாரம் நடைமுறையில் தாய்மார் மீதே விழுகின்றது, ஆகவே மன்னிப்பு அநியாயமன்று என்றனர். நீதிபதி கிரீக்லர் மட்டும் மாறுபட்டார்: குழந்தை வளர்ப்பது பெண்ணின் வேலை என்ற பழைய விலங்கைச் சட்டமே மீண்டும் பூட்டலாகாது என்பது அவர் வாதம். பத்தாண்டு கழித்து, 2007-ல், அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில், குழந்தையை முதன்மையாக வளர்ப்பவர் யாராயிருப்பினும், தண்டனை விதிக்குமுன் அக்குழந்தையின் நலனை நீதிபதி ஆராய்ந்தே தீர வேண்டும் என்றது. தாய் என்ற சொல் போய், வளர்ப்பவர் என்ற சொல் வந்தது. நாம் தேடி வந்த விதி இதுதான்.

இதற்கு ஓர் ஆட்சேபணை உண்டு. குழந்தையுள்ளவர்களுக்குத் தண்டனை குறையும் என்றால், கடத்தற் கூட்டத்தார் குழந்தையுள்ளவர்களையே தேடிப் பிடித்துப் பொட்டலத்தைக் கொடுக்கமாட்டார்களா என்பது. இதனை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால், அவர்கள் ஏழையைத் தேடுவதும் ஏமாந்தவளைத் தேடுவதும் இன்றே நடப்பதல்லவா? தூக்கு மேடை இருந்த காலத்திலும் பொட்டலம் வந்து கொண்டேயிருந்தது. சுமந்தவளை எவ்வளவு கொடுமையாகத் தண்டித்தாலும் அனுப்பியவனுக்கு ஒரு நஷ்டமுமில்லை. அவனுக்கு அடுத்த ஆள் கிடைப்பாள். இன்னொன்று, குழந்தையின் நலனை ஆராய்வது என்றால் விடுதலை செய்வது என்று அர்த்தமன்று. கொடிய குற்றமானால் குழந்தைக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டே சிறைக்கு அனுப்பலாம். ஆராயாமல் அனுப்புவதைத்தான் கண்டிக்கின்றோம்.

ஆகவே நம் முடிவு இது. ஆண், பெண் என்ற பேதம் தண்டனைக்குக் காரணமாகலாகாது. உண்மையான நிலைமைகள் காரணமாகலாம்: குற்றத்தில் எவ்வளவு பங்கு, எவருடைய வற்புறுத்தல், எத்தனை ஆண்டுக் கொடுமை, வயிற்றில் கரு, மடியில் குழந்தை, வீட்டில் வேறு துணையின்மை. கருவும் பிரசவமும் பெண்ணுக்கே உரியவை; அவற்றுக்காகச் சட்டம் தனியிடம் தருவது சலுகையன்று, உண்மையை ஒப்புக்கொள்வதாகும். மற்றவை இருபாலார்க்கும் பொது. அவை பெரும்பாலும் பெண்ணிடத்தில் காணப்பட்டால் பெண்ணுக்குப் பெரும்பாலும் தண்டனை குறையட்டும். ஆணிடத்தில் காணப்படும்போது ஆணுக்கும் குறையட்டும். மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தோட்டத் தொழிலாளி சிறை சென்றால், வேலையோடு ஒட்டிய வீடும் போகும். பிள்ளைகள் தெருவில் நிற்பர். அவன் ஆண் என்பதனால் இதைக் கேட்க மாட்டோம் என்பது எந்த நீதி?

இந்த முடிவு நமக்குச் சில கடமைகளையும் விதிக்கின்றது. குற்றம் தீர்ந்தபின், தண்டனை விதிக்குமுன், நீதிபதி, "தண்டனையைப் பற்றி நீ சொல்வதற்கு என்ன இருக்கின்றது?" என்று கேட்கும் ஒரு நேரம் வருகின்றது. நம் மக்களில் பலர் அந்த நேரத்தில் கை கட்டித் தலை குனிந்து, "மன்னிச்சிடுங்க ஐயா" என்பதோடு நிறுத்திக் கொள்கின்றனர். பெண்ணாயின் அழுகின்றாள், ஆணாயின் மௌனமாகின்றான். அழுகையும் மௌனமும் நீதிபதிக்கு ஒன்றையும் அறிவிப்பதில்லை. வீட்டில் எத்தனை வாய், யார் சம்பாதிப்பவர், நோயாளி யார், இக்குற்றத்துக்கு இழுத்தவர் யார் என்பதையெல்லாம் சான்றோடு எடுத்துக் கூற வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத மலேசியர்களுக்கு உதவவே 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் குற்ற வழக்குகளில் வேலை செய்து வருகின்றது. அதை நாடுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தோட்டச் சங்கங்களும், கோயிற் கமிட்டிகளும், இளைஞர் மன்றங்களும் விழாவுக்குச் செலவிடும் முயற்சியில் ஒரு பங்கை, கூண்டில் நிற்பவர் குடும்ப நிலையைத் திரட்டிக் கொடுப்பதில் செலவிடுமானால், மனுவில் கையெழுத்திட ஆளில்லாதவர்க்கு ஆளாக நின்றவர்களாவோம்.

கண்ணகி பாண்டியன் சபையில் கருணை கேட்கவில்லை. பெண்ணென்று இரங்கு என்று அவள் கூறவில்லை. என் கணவன் கள்வனா, இல்லையா, விசாரித்தாயா என்றுதான் கேட்டாள். விசாரியாமல் ஏவிய கட்டளையே அந்த அரசனுக்குக் கூற்றாயிற்று. நம் பெண்களும் நம் ஆண்களும் கோர்ட்டில் கேட்க வேண்டியதும் அதுவே. ஆளைப் பார்க்காதே, உண்மையை முழுதும் பார், பிறகு விதி. அவ்வாறு முழுதும் பார்த்து விதிக்கும் தண்டனை, குறைந்திருப்பினும் கூடியிருப்பினும், மானமுள்ள மனிதர் ஏற்கத் தக்கதாகும்.